அவருக்கு என்ன குறை?

பிப்ரவரி 9

அன்புள்ள என் மனைவிக்கு,

நானும் நம் பெண் வாலுவும் இங்கே சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்கிற டீச்சரம்மாவை ஒற்றை ஆளாகத் தூக்காதே. அந்த வீட்டு மகனையும் ஒரு கை பிடிக்கச் சொல்.

போன் வேண்டாம், கடிதம் போதும் என்று நான் சொன்னதற்கு நீ என் அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். இங்கே லைன் சரியில்லை, பாதிப் பேச்சு காற்றோடு போகிறது. நீ வேலை முடித்துக் கூப்பிடுகிற நேரத்தில் வாலு தூங்கி வழிகிறாள். கடிதம் என்றால் வேண்டும்போதெல்லாம் எடுத்துப் படிக்கலாம்.

டிப்போவில் இன்னும் பஸ் தரவில்லை. எதிரே ஒரு லாரி வந்தால் எனக்கு இரண்டு வருகிறது என்று போன வருஷம் நானே சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேனே, அது இப்போது எவ்வளவோ தேவலை. டாக்டர் அந்த நோய்க்கு ஒரு பெயர் சொல்கிறார், சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நரம்பு சொல்கிறதைத் தசை காதில் வாங்குவதில்லையாம். "எங்க வீட்லயும் ஒருத்தி அப்படித்தான் சார், ஏழு வயசு" என்றேன். சிரித்துவிட்டார். தீருகிற நோய் இல்லை, ஆனால் மாத்திரையை நேரத்துக்குப் போட்டால் ஒன்றும் தெரிவதில்லை.

உடம்பு முடியாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறதாம். எழுதிப் போடு, எழுதிப் போடு என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். அவள் வாய்க்குப் பயந்து எழுதிப் போட்டிருக்கிறேன்.

போட்டோ வைத்திருக்கிறேன். வாலுவின் தலையைப் பார்த்துக் கத்தாதே. பேன் தொல்லை தாங்கவில்லை, கத்தரித்துவிட்டேன். இப்போது அதுதான் நாகரிகம் என்று அவளே சொல்கிறாள்.

வருகிறேன், வருகிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதாதே. ஒப்பந்தம் முடியட்டும். இங்கே எல்லாம் என் கையில் ஓடுகிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
டிரைவர்


மார்ச் 2

என் அன்பானவருக்கு,

கடவுள் புண்ணியத்தில் நலம். உங்களுக்கும் குழந்தைக்கும் அண்ணிக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்பதுதான் எழுந்ததும் நான் நினைப்பது.

ஆனால் உங்களை என்ன செய்தால் தகும்? இடுப்பு வரை தொங்கிய முடி! நான் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து வளர்த்தது. பேன் வந்தால் சீப்பு இருக்கிறது, மருந்து இருக்கிறது. கத்தரிக்கோலைத்தானா தேட வேண்டும்? பையன் மாதிரி நிற்கிறாள். போட்டோவை வைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன். பின்னிவிடச் சோம்பல் என்று நேரே சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

நீங்களும் ஏன் அப்படி உம்மென்று நிற்கிறீர்கள்? வாய் கொள்ளாமல் சிரிக்கிற ஆள். போட்டோக்காரரிடம் சண்டையா?

டீச்சரம்மா அப்படியேதான் இருக்கிறார். புரட்டிவிட வேண்டும், துடைக்க வேண்டும், ஒரு கரண்டி கஞ்சி உள்ளே போக அரை மணி. விழுங்கினாரா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். யார் வீட்டிலோ யாரையோ பார்த்துக்கொள்கிறேன், என் வீட்டில் நீங்கள் ஒற்றை ஆளாய் எல்லாம் செய்கிறீர்கள்.

உதவித்தொகை நமக்கு வேண்டுமா? எழுந்து நடமாடுகிற மனிதர் அதை வாங்கினால் தெருவில் பேச்சு வரும். அண்ணி சொல்கிறார் என்று தலையாட்டாதீர்கள். நாளைக்கே வண்டி எடுக்கப் போகிறவர் நீங்கள்.

மாத்திரையை மறக்க வேண்டாம். என் வாலுவின் கன்னத்தில் என் சார்பில் ஒரு கிள்ளு.

உங்கள்
மனைவி


மார்ச் 26

அன்புள்ள என் மனைவிக்கு,

சுகம். உன் கடிதம் வந்தது, திட்டும் வந்தது. வாலுவைக் கிள்ளினேன், பதிலுக்கு அவள் என்னைக் கடித்தாள். கணக்கு நேர்.

மருத்துவக் குழு கூப்பிட்டிருந்தது. அக்காவும் நானும் காலையிலேயே போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம், உட்கார்ந்தோம், பெஞ்சுக்கே எங்கள் மேல் இரக்கம் வந்திருக்கும். நன்றாக ஓய்வெடுத்த உடம்போடு உள்ளே போனேன். இஸ்திரி போட்ட சட்டை. ஒரு பெரிய டாக்டர் தலை நிமிராமலே கையை நீட்டினார்.

"அழுத்துங்க."

அழுத்தினேன்.

"அடேயப்பா! ஸ்டியரிங் பிடிச்ச கையில்ல?" என்று சிரித்தார். கையைத் தூக்குங்க என்றார், தூக்கினேன். நடங்க என்றார், நடந்தேன். மேலே பாருங்க என்றார், பார்த்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, நீ நோயாளியா போனியா, மாப்பிள்ளையா போனியா?" சாயங்காலம் கூப்பிட்டிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள். அவள் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நேற்று இதுவரை எழுதினேன், வேலை வந்துவிட்டது. மீதி இன்று. பேனாவும் வேறு, பார்த்துக்கொள்.

இங்கே குறை ஒன்றும் இல்லை. காலையில் சமையல், பிறகு வாலுவைப் பள்ளியில் விடுவது, துணி, கீழே குழாயிலிருந்து மாடிக்குத் தண்ணீர். நீ இருந்தால் என்னென்ன செய்வாயோ அத்தனையும். என்ன, உன் மாதிரிப் பாத்திரங்களோடு பேசத் தெரியவில்லை.

உன்னையும் விசாரிப்பார்களாம். டீச்சரம்மா வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் உள்ளதைச் சொல்.

இடுப்புக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு. இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் செய்யாதே.

உன்
டிரைவர்


ஏப்ரல் 17

என் அன்பானவருக்கு,

நலமாக இருக்கிறேன், இன்று கொஞ்சம் கூடுதலாகவே. ஏன் என்று கேளுங்கள்.

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி கூப்பிட்டார். காலை நேரம், கூடத்தில் மகனும் மருமகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே நின்று பேசினேன்.

"உங்க வீட்டுக்காரரால தன் வேலையைத் தானே செஞ்சுக்க முடியுதாம்மா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உங்களைப் பற்றி இப்படி ஒரு கேள்வியா?

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? அவருக்கு என்ன குறை? சமையல் அவர்தான், துணி அவர்தான், மாடிக்குத் தண்ணி தூக்கறது அவர்தான். பொண்ணுக்கு அம்மாவுக்கு அம்மாவா இருக்கார். எனக்கு விடாம லெட்டர் போடறார்."

"அவரே கைப்பட எழுதறாரா?"

"முத்து முத்தா எழுதுவார் சார்."

அவர் எழுதிக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது. "ரொம்ப நன்றிம்மா. இவ்வளவு தெளிவா யாரும் சொல்லமாட்டாங்க" என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகு, அடடா, உதவித்தொகையைக் கெடுத்துவிட்டேனோ என்று ஒரு நொடி தோன்றாமல் இல்லை. ஆனால் உள்ளதைத்தானே சொன்னேன். அந்த மருமகள் தன் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம், "உனக்கு வாய்ச்ச மாதிரி எல்லாருக்கும் வாய்க்குமா?" என்றாள். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டீச்சரம்மாவைப் புரட்டும்போதுகூட இடுப்பு வலி தெரியவில்லை.

உடம்பைக் கவனியுங்கள். அண்ணியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், கோபிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

உங்கள்
மனைவி


மே 12

அன்புள்ள என் மனைவிக்கு,

சுகம். நீ சொன்னது சரிதான். உன் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். உன் வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்க யாருக்குத்தான் கசக்கும்?

உதவித்தொகை விஷயம் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. டிப்போவில் பஸ் கழுவுகிற இடத்தில் ஆள் வேண்டுமாம். மதியத்துக்கு மேல் போகிறேன். சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடும். அதனால் வாலு கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருக்கட்டும்.

பதில் தாமதமானால் கவலைப்படாதே. வேலை புதிது.

உன்
டிரைவர்


ஜூன் 8

அன்புள்ளவருக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் ஒரு தந்தி அளவுக்குத்தான் இருந்தது. கடைசி வரிகளில் எழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போகிறது. என் பெயருக்கு வந்த கடிதமா என்றே சந்தேகம் வந்தது.

நேற்று மனம் கேட்காமல் சாயங்காலம் போன் செய்தேன். நீங்கள் எடுத்தீர்கள். நாக்குக் குழறியது. மூக்கால் பேசினீர்கள். ஒரு வார்த்தை முழுசாக வரவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டீர்கள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை.

நான் ஒன்று கேட்கிறேன், என் தலையில் அடித்துச் சொல்லுங்கள். குடிக்கிறீர்களா? போன் வேண்டாம் என்பது இதற்குத்தானா? குழந்தையை அண்ணி வீட்டில் விட்டதும் இதற்குத்தானா? அந்த அதிகாரியிடம் உங்களைப் பற்றி ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசினேனே. என்னை முட்டாளாக்கிவிடாதீர்கள்.

நான் அனுப்புகிற பணம் எங்கே போகிறது என்று இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. இதை மட்டும் கேட்கிறேன். உடனே பதில் போடுங்கள்.

உங்கள்
மனைவி


ஜூலை 2

தம்பி மனைவிக்கு உன் அண்ணி எழுதுவது.

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ நன்றாக இருந்தால் சந்தோஷம்.

பதறாமல் படி. தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள், நேற்று எடுத்துவிட்டார்கள். கண் விழித்துப் பார்க்கிறான். நான் துணி துவைக்கிற ஆஸ்பத்திரிதான், அதனால் மணிக்கொரு தடவை மேலே ஓடி வந்து பார்க்க முடிகிறது. வாலு என் வீட்டில் இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள்.

உன் கடிதம் அவன் படுக்கைக்கடியில் கிடந்தது. பிரித்துப் படித்தேன், தப்புதான். குடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாய். அடியம்மா, அவனுக்குத் தண்ணீரே இறங்குவதில்லை. குடித்தால் மூக்கு வழியாக வருகிறது.

அந்த நோய் அப்படி. ஓய்ந்து கிடந்தால் உடம்பு ஒழுங்காகத் தெரியும். வேலை செய்யச் செய்ய ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். காலையில் ஆளாக எழுந்திருப்பான். பொழுது சாயும்போது கண் இமை விழுந்துவிடும், தாடை தொங்கும், பேச்சு குழறும். அந்தக் குரலை நீ கேட்கக்கூடாது என்றுதான் போன் வேண்டாம் என்றான். குழந்தையின் முடியை அவன் வெட்டவில்லை, நான் வெட்டினேன். பின்னுவதற்குத் தூக்கிய கை பாதியில் விழுந்துவிடுகிறது. ஒரு நாள் அரைப் பின்னலோடு பள்ளிக்குப் போனாள். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

சமையல் நான் கொண்டு போய்க் கொடுப்பது. தண்ணீர் கீழ்வீட்டுத் தையல்காரர் தூக்கி வைப்பது. எல்லாம் என் கையில் ஓடுகிறது என்று உனக்கு எழுதுவான். எழுதிவிட்டு மேஜையிலேயே தலையைச் சாய்த்துக்கொள்வான்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அதே வாரம் உதவித்தொகை அலுவலகத்திலிருந்தும் வந்தது. இல்லை என்று. கைப்பிடி நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி. வீட்டு வேலை அனைத்தையும் தானே செய்வதாக மனைவி உறுதி கூறினார் என்று இன்னொரு வரி. "அவகிட்ட சொல்லாதேக்கா" என்றான். அடுத்த வாரமே பஸ் கழுவப் போய்விட்டான். நீண்ட கழியில் பிரஷ் கட்டி மேலே தேய்க்கிற வேலை. அவனுக்கு ஆகவே ஆகாத வேலை. ஒரு சளிக் காய்ச்சல் வேறு வந்தது. பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீரில் கிடந்திருக்கிறான்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதும்போதே புரிந்துவிட்டது. அவன் சொன்னதை நீ சொன்னாய். அவன் சொன்னதற்கு நானும் உடந்தை. மேல்முறையீடு செய்யலாம் என்கிறார்கள். அதற்கு உன் கையெழுத்து வேண்டும். யோசித்து எழுது.

அண்ணி


ஜூலை 17

என்னவருக்கு,

கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூச்சு விடுகிறீர்கள். இப்போதைக்கு அது போதும் எனக்கு.

அண்ணியின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். ஒரு கரண்டி, தொண்டையைப் பார்ப்பது, அடுத்த கரண்டி. திடீரென்று கை நின்றுவிட்டது. என் வீட்டில் இதே தொண்டை, இதே கஞ்சி. நான் இங்கே யாருக்கோ ஊட்டிக்கொண்டிருக்கிறேன். டீச்சரம்மா வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அதை எப்படித் திரும்ப வாங்குவது?

ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தையல்காரருக்குத் தெரியும், டிப்போவில் தெரியும், ஏழு வயசுக் குழந்தைக்குத் தெரியும். கட்டினவளுக்கு மட்டும் தெரியாது. யாரோ ஓர் அதிகாரி என்னிடம் கேட்டு, நான் ஏதோ வெளியாள் மாதிரி உளறி, அதை வைத்தே உங்களை வெளியே தள்ளினார்கள். என்னை அந்த இடத்தில் நிற்க வைத்தது நீங்கள்தான்.

மேல்முறையீட்டுக்கு நான் எழுதித் தருகிறேன். ஆனால் என்ன எழுதுவேன்? எனக்கு ஒன்றும் தெரியாதே. நீங்கள் சொல்லுங்கள். அழகாக வேண்டாம், சிரிக்க வைக்க வேண்டாம். காலையில் கண் விழிப்பதிலிருந்து ஒன்று விடாமல். முடியாதபோது அண்ணியை எழுதச் சொல்லுங்கள்.

நான் வரட்டுமா? அதற்கும் உள்ளதைச் சொல்லுங்கள்.

உங்கள்
மனைவி


ஆகஸ்ட் 6

அன்புள்ள என் மனைவிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன், வாலுவும் வந்துவிட்டாள். இந்தக் கடிதத்தை நாலு நாலு வரியாகப் பல காலைகளில் எழுதுகிறேன். முடியும்போது பேனாவை வைத்துவிடுவேன். எழுத்து ஏறி இறங்கினால் அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

கேட்டாய், சொல்கிறேன்.

காலையில் முதல் மாத்திரை போட்டு, அது வேலை செய்யும் வரை படுத்திருப்பேன். சட்டைப் பொத்தான் மேலே இரண்டு போட முடிகிறது, கீழே உள்ளவற்றை வாலு போடுவாள். பல் துலக்கும்போது கை களைத்துவிட்டால் கையை அசைக்காமல் தலையை அசைப்பேன். அவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள், நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். சிரிப்பு இப்போது வருவதில்லை. கன்னம் மேலே ஏறுவதில்லை. போட்டோவில் உம்மென்று நிற்கிறேன் என்றாயே, நான் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

சாப்பிடும்போது பாதியில் தாடை நின்றுவிடும். ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்து மேலும் கீழும் தள்ளி மெல்லுவேன். யார் முன்னாலும் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். கண் இமை விழுந்தால் பிளாஸ்திரியால் நெற்றியோடு ஒட்டிக்கொள்வேன். தெருவைக் கடக்கும்போது ஒரு கண்ணைப் பொத்திக்கொள்வேன், அப்போதுதான் வருவது ஒரு வண்டியா இரண்டா என்று தெரியும். கழிவறையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் குரல் கொடுத்த நாளும் உண்டு. குழந்தை வந்து இழுத்தாள். அன்றைக்கு அவளிடம், "அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றேன். "நான் எதையும் சொல்லமாட்டேன்ப்பா" என்றாள். அவளைப் பொய்க்குப் பழக்கியது நான்தான்.

பஸ் கழுவிய இடத்தில் நடந்ததை அக்கா எழுதியிருப்பாள். விழுந்தபோது வலிக்கவில்லை. மூச்சை உள்ளே இழுக்கச் சொல்கிறேன், நெஞ்சு கேட்கவில்லை. அவ்வளவுதான். பயமாக இருந்தது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ அங்கே இருப்பதால்தான் மாத்திரை வாங்க முடிகிறது. தெரிந்தால் அடுத்த வண்டியில் ஏறிவிடுவாய். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. அதிகாரியிடம் நீ என்னைப் பற்றிச் சொன்னதைப் படித்தபோது, உதவித்தொகை போயிற்று என்று உடனே தெரிந்துவிட்டது. கோபமே வரவில்லை. நீ சொன்ன அந்த ஆளாக இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் தோன்றியது. உன் ஒருத்தியிடமாவது.

வரட்டுமா என்றதற்கு இன்னும் பதில் தெரியவில்லை. நேரம் கொடு.

உன்
டிரைவர்


ஆகஸ்ட் 22

மேல்முறையீட்டுக் குழுவின் தலைவர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்து, தசைச் சோர்வு நோயால் வேலையை விட்டவரின் மனைவி எழுதிக்கொள்வது. ஏப்ரல் மாதம் தங்கள் அதிகாரி தொலைபேசியில் விசாரித்தபோது, என் கணவருக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் இரண்டு வருடங்களாக வெளியூரில் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். என் கணவர் தம் உடல்நிலையை என்னிடம் மறைத்துவிட்டார். நான் கவலைப்படுவேன் என்று மறைத்தார். அவர் எனக்கு எழுதியதையே நான் தங்களிடம் சொன்னேன்.

அவர் இப்போது எனக்கு எழுதியதைத் தனித் தாளில் அப்படியே எழுதி இணைத்திருக்கிறேன். அதில் சில விஷயங்களை அவர் யாரிடமும் சொல்ல விரும்பியிருக்க மாட்டார். எனக்காகவே சொன்னார். குழுவில் சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தால் அவர் எதிரில் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். அவர் கையை ஒரு முறை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்லுங்கள். கூடுமானால் பிற்பகலில் அழையுங்கள்.

நான் முன்பு சொன்னதற்காக அவரைத் தண்டிக்க வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரரின் மனைவி


நவம்பர் 3

அன்புள்ள என் மனைவிக்கு,

இன்று காலை இரண்டு கண்ணும் திறந்தன, கஞ்சி இறங்கியது. அதற்கு மேல் நலம் என்று எழுத ஒன்றும் இல்லை. உன் இடுப்பைப் பற்றி நீயும் இனி உள்ளதையே எழுது.

மேல்முறையீட்டுக்குப் பிற்பகலில்தான் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் இரண்டு தாளை அருகருகே வைத்துக்கொண்டார்.

"உங்க மனைவி ஏப்ரல்ல ஒண்ணு சொல்றாங்க, ஆகஸ்ட்ல ஒண்ணு சொல்றாங்க. ரெண்டுல எது பொய்?"

அக்கா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டும் அவ பொய் இல்லீங்க. முதல்ல சொன்னது நான் அவளுக்குச் சொன்ன பொய்."

"பணம்னதும் நிஜம் வந்திடுச்சாக்கும்" என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், கேலியாகச் சொல்லவில்லை. இந்த மாதிரிப் பலரைப் பார்த்து அலுத்துப்போன குரல்.

ஓரத்தில் இருந்த பெண் டாக்டர் மட்டும் எழுந்து வந்தார். உன் கடிதத்தைப் படித்திருந்தார் போல. கையை அழுத்தச் சொன்னார். மறுபடி. மறுபடி. கொஞ்ச நேரத்தில் அவர் விரலைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு, "ஒண்ணுலேர்ந்து சத்தமா எண்ணிக்கிட்டே வாங்க" என்றார். எண்ணினேன். இருபது வரை டிரைவர் குரல். அதற்கு மேல் வார்த்தை மூக்குக்குள் போயிற்று. முப்பதைத் தாண்டியதும் நான் சொல்வது எண்ணா முனகலா என்று அறையில் யாருக்கும் புரியவில்லை. நிறுத்தச் சொல்லுவார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வாலு வெளியே பெஞ்சில் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"போதும்" என்று தலைவர்தான் சொன்னார்.

கொடுத்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு. ஏறி இறங்குகிற நோய்க்கு ஒரு வருஷம்தான் கொடுப்பார்களாம், பிறகு மறுபடி வந்து காட்ட வேண்டும். "இது வாழ்நாள் முழுக்க இருக்கிற நோய்தானே" என்று அந்த டாக்டரே கேட்டார். விதி அப்படி என்றார்கள். அடுத்த வருஷமும் இதே அறையில் போய் என் குரலை உடைத்துக் காட்ட வேண்டும்.

நேற்று சான்றிதழ் வாங்கப் போனோம். அதற்கு முன்னால் பக்கத்து ஜன்னலில் டிரைவிங் லைசென்ஸைக் கொடுக்க வேண்டுமாம். எனக்குத் தெரியாது.

"எதுக்குங்க?" என்றேன்.

"ஓட்ட முடியாதுன்னுதானே பணம் வாங்கறீங்க?" என்றான் உள்ளே இருந்தவன். அவனும் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். பெயரைச் சரிபார்த்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்தான். "இனிமே செல்லாது. ஞாபகத்துக்கு வச்சுக்கங்க" என்றான்.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் வாலுவுக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

வரட்டுமா என்று கேட்டாயே. உதவித்தொகை மாத்திரைக்குச் சரியாகப் போகும். நீ வந்தால் வீடு நடத்துவது கஷ்டம், அக்காவின் சம்பளத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். எல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வா. டீச்சரம்மாவுக்கு வேறு ஆள் கிடைத்ததும் வந்துவிடு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தோம். சான்றிதழைக் காட்டியதும் கண்டக்டர் முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். டிரைவருக்குப் பின்னால், நேரே சாலை தெரிகிற இடம். டிரைவர் புதுப் பையன். பாலம் இறங்கியதும் வருகிற திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காமல் விட்டான். எதிரே லாரி, எனக்கு இரண்டு லாரி. என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அழுத்தியது, விடவில்லை.

"என்னடா, காலை எதுக்கு உதைக்கிற?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

பஸ் திரும்பிவிட்டது. நாங்கள் இறங்க வேண்டிய இடம் வரும் வரை என் கால் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு அதில் பலமே இல்லை. அக்கா ஒரு பக்கமும் வாலு ஒரு பக்கமுமாகப் பிடித்து இறக்கினார்கள்.

உன் வரவை எதிர்பார்க்கும்
உன் கணவன்